நெகட்டிவ் பத்திரம்!

கேள்வி: கைபேசியில் ஸ்னாப்சீட் வைத்தே படம் திருத்தி வருகிறேன். ‘இன்னும் இதிலேயே இருக்கீங்களா, போட்டோஷாப்புக்கு மாறுங்க’ என்கிறார்கள் தோழிகள். மாறித்தான் ஆகவேண்டுமா?
— பள்ளி ஆசிரியை, வெலிங்டன் பஜார்

பதில்: தோழிகள் சொன்னால் மாறாதீர்கள், படம் கேட்டால் மாறுங்கள்.

படம் எப்போது கேட்கும்? தேயிலைச் சரிவு நன்றாக விழுந்திருக்கிறது, மேலே வானம் மட்டும் வெளுத்திருக்கிறது. வானத்தைத் தொட்டால் சரிவும் கூடவே மாறுகிறது. போன மாதம் செய்த நான்கு திருத்தங்களில் ஒன்றை மட்டும் இப்போது விலக்க வேண்டும். ஒரே வெளிச்சத்தில் எடுத்த 200 படங்களை ஒவ்வொன்றாக விரலால் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். சுவரில் மாட்ட 12-க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால், கைபேசித் திரையில் கண்ணில் படாத திட்டுகள் எல்லாம் எழுந்து நிற்கின்றன. இவற்றில் இரண்டு நேர்ந்திருந்தால் நீங்கள் மாறலாம். நேராதவரை ஸ்னாப்சீட் நல்ல துணை. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பையும் (டி.என்.ஜி வகை) அது திறக்கும், காசும் கேட்காது.

கேள்வி: எளிய மென்பொருளுக்கும் தொழில்முறை மென்பொருளுக்கும் என்ன வித்தியாசம்? ஒரே வரியில் சொல்லுங்கள்.
— கல்லூரி மாணவர், அருவங்காடு

பதில்: முதலாவது படத்தைத் திருத்தும்; இரண்டாவது, படத்தைத் தொடாமல் ‘இப்படிக் காட்டு’ என்ற கட்டளையை மட்டும் எழுதி வைக்கும்.

ஒரு வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் இந்த மலையில் இருந்துகொண்டு இதை ஒரு வரியோடு விட மனம் வரவில்லை. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 1960-ல் தொடங்கப்பட்டது. 1967 முதல் ஊட்டி இந்து நகரில் ஃபிலிம் செய்தார்கள். தூசி குறைந்த குளிர்ந்த காற்று அந்த வேலைக்கு வேண்டும். நம் மலையில் அது இருந்தது. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிமும் பேப்பரும் நாடு முழுக்கப் போயின. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் இங்கிருந்து போனது. அந்த ஆலை இன்று ஓடவில்லை. அங்கே வேலை பார்த்தவர்கள் பலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். உங்கள் தெருவில் ஒருவர் இருந்தால் போய்ப் பாருங்கள். ஒரு நெகட்டிவைக் கையில் கொடுத்தால் ஓரத்தைப் பிடித்துத்தான் வாங்குவார்.

நெகட்டிவ் ஒன்றுதான். அதிலிருந்து அச்சு எத்தனை வேண்டுமானாலும் போடலாம்: வெளுப்பாக ஒன்று, அழுத்தமாக ஒன்று, ஓரத்தை வெட்டி ஒன்று. முகத்தில் உள்ள தழும்பை மறைக்க நெகட்டிவிலேயே பென்சில் ஓட்டிய ரீடச்சர்களும் இருந்தார்கள். அதற்குக் கை பழகப் பல ஆண்டுகள் ஆகும். கை தவறினால் படம் போயிற்று. எளிய மென்பொருளில் திருத்திவிட்டு அதே பெயரில் ‘சேவ்’ அழுத்தும் ஒவ்வொரு முறையும் நாம் அந்தப் பென்சிலைத்தான் எடுக்கிறோம், பழகாத கையோடு. லைட்ரூமும் டார்க்டேபிளும் அந்தப் பென்சிலை நம் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகின்றன. மூலக் கோப்பு எடுத்தபடியே இருக்கிறது. திருத்தம் எல்லாம் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பாக நிற்கிறது. பத்து வருடம் கழித்தும் அந்தக் குறிப்பை மாற்றி எழுதலாம். மாறுவதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

கேள்வி: காலை ஆறரைக்குக் கருப்புப் பாலத்தருகே மூடுபனியில் எடுத்த படம். கான்ட்ராஸ்ட் ஏற்றியதும் பனிக்குள் படிக்கட்டு மாதிரி வரி வரியாக வருகிறது. கேமரா கெட்டுவிட்டதா?
— வாசகர், பேரக்ஸ்

பதில்: கேமராவைத் திட்டாதீர்கள். நீங்கள் ஜே.பெக்கில் எடுத்திருக்கிறீர்கள்.

ஜே.பெக் கோப்பு ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான் வைத்திருக்கும். மூடுபனியில் கருப்பும் இல்லை, முழு வெள்ளையும் இல்லை. படம் முழுவதும் நடுவில் ஒரு குறுகிய இடத்தில், ஒரு நாற்பது ஐம்பது படிக்குள் முடங்கிக் கிடக்கிறது. அந்த நாற்பதை இழுத்து நூற்றிருபதாக விரித்தால் இடையில் நிரப்ப ஒன்றும் கிடையாது. அந்த வெற்றிடம்தான் நீங்கள் பார்க்கும் வரி. 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு. இழுத்தாலும் பனி பனியாகவே வழுவழுவென்று நிற்கும். சமவெளியின் பளீர் வெயிலில் எடுப்பவர்களைவிட நமக்குத்தான் ரா அதிகம் தேவை. நாளை காலை கேமராவில் அந்த ஒரு அமைப்பை மட்டும் மாற்றிவிட்டு அதே பாலத்துக்குப் போய் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. நல்ல ரா கோப்பை 8 பிட் வேலைத்தளத்தில் திறந்தால் இதே வரிகள் மறுபடி வரும். போட்டோஷாப்புக்கு அனுப்பும்போது 16 பிட் என்று தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: லைட்ரூமில் ‘டீஹேஸ்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, பனியை அப்படியே எடுத்துவிடுமாமே?
— விடுதி ஊழியர், குன்னூர்

பதில்: எடுக்கும். 2015-ல் வந்த வசதி. நகரத்துப் புகைமண்டலத்துக்கு நல்ல மருந்து. ஆனால் பயணிகள் எவ்வளவோ தூரம் வந்து பார்ப்பது நம் பனியைத்தானே? அது பொத்தான் அல்ல, தள்ளும் கோல்; இடப்பக்கம் தள்ளினால் பனி கூடும். சில விடியல்களுக்கு அதுதான் பொருத்தம்.

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமான எம்.ஆர்.சி.யில் கசம் பரேட் (உறுதிமொழி அணிவகுப்பு) முடிந்து வரும் பிள்ளைகளைப் பெற்றோரோடு நிற்கவைத்துப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு நாளில் 200, 250 படம். போட்டோஷாப் வாங்குவதா, லைட்ரூம் வாங்குவதா?
— புகைப்படக்காரர், வெலிங்டன்

பதில்: லைட்ரூம். எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை இருப்பார். யார் கூடையில் எத்தனை கிலோ கொழுந்து என்று ஒரே நோட்டில் வைத்திருப்பார். லைட்ரூம் அந்த ஆள். போட்டோஷாப் தையல்காரர், ஒரு சட்டையை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காருவார். உங்களுக்கு முதலில் வேண்டியவர் கணக்குப்பிள்ளை.

ஒரே வெளிச்சத்தில் எடுத்த 40 படங்களில் முதல் படத்தைச் சரிசெய்யுங்கள். பிறகு நாற்பதையும் தேர்ந்தெடுத்து ‘சிங்க்’ கொடுங்கள்; அரை நிமிடம். வெயில் மேகத்துக்குள் போன இடத்திலிருந்து அடுத்த கட்டு. சீருடைப் பச்சை ஒரு வீட்டில் மஞ்சளாகவும் ஒரு வீட்டில் நீலமாகவும் போய்ச் சேராமல் இருக்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல வழி இல்லை. அந்தப் படம் அந்தக் குடும்பத்தின் கூடத்தில் நாற்பது வருடம் தொங்கப்போகிறது.

உங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் புதியவர்களுக்காகச் சொல்கிறேன்: இது ராணுவக் குடியிருப்பு. அனுமதி இல்லாத இடத்தில் கேமராவைத் தூக்காதீர்கள்.

கேள்வி: மாதச் சந்தா கட்ட வசதியில்லை. ‘கிராக்’ போட்டுத் தருகிறேன் என்கிறார் நண்பர். வாங்கிக்கொள்ளட்டுமா?
— ஆட்டோ ஓட்டுநர், பகுதிநேரக் கல்யாணப் படக்காரர், குன்னூர்

பதில்: வேண்டாம் தம்பி. பூட்டை உடைத்துத் தரும் கோப்போடு என்ன உள்ளே வருகிறது என்று நண்பருக்கும் தெரியாது. ஒரு குடும்பத்தின் கல்யாணம் முழுக்க உங்கள் கணினியில் இருக்கிறது. அதை வைரஸ் பூட்டிவிட்டால் அந்தத் தாலிகட்டு திரும்ப வருமா?

அடோபி 2013-லிருந்து சந்தா முறைக்குப் போய்விட்டது. எல்லோராலும் கட்ட முடியாது என்பது உண்மை. அதற்காகத் திருட வேண்டியதில்லை, இலவசமான வழி இருக்கிறது. ரா கோப்புக்கு டார்க்டேபிள் அல்லது ராதெரபி. பிறகு ஒட்டு, வெட்டு, லேயர் வேலைக்கு கிம்ப். 1995-ல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது அது. 2018-ல் வந்த 2.10 பதிப்பிலிருந்து 8 பிட்டைத் தாண்டி வேலை செய்கிறது. 2025-ல் வந்த 3.0 பதிப்பில் ஃபில்டர் போட்ட பிறகும் திரும்பப் போய் அதை மாற்ற முடிகிறது. கிம்ப்பின் மெனு முதலில் அந்நியமாக இருக்கும். ஒரு மாதம் பொறுங்கள், கை பழகிவிடும். ஆல்பம் வேலைக்கு லேப்காரர் போட்டோஷாப் கோப்பான பி.எஸ்.டி கேட்டால், கிம்ப் அதையும் எழுதித் தரும். லேயர்கள் ஒழுங்காகப் போயிருக்கின்றனவா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி: கணினி எப்படி இருக்க வேண்டும்?
— அதே வாசகர்

பதில்: 16 ஜி.பி. ரேம், ஒரு எஸ்.எஸ்.டி. மிச்சக் காசில் ஒரு யு.பி.எஸ். மழைக்காலத்தில் நம் ஊர் மின்சாரத்தை நம்பி 40 லேயர் கோப்பைத் திறக்காதீர்கள்.

கேள்வி: லேயர் மாஸ்க் தலைக்குள் ஏறவே மாட்டேன் என்கிறது.
— இல்லத்தரசி, சின்ன வண்டிச்சோலை

பதில்: வெள்ளை காட்டும், கருப்பு மறைக்கும், சாம்பல் பாதி காட்டும். இவ்வளவுதான் அம்மா.

இருட்டறைக்குப் போனால் இன்னும் தெளிவாகும். என்லார்ஜரிலிருந்து வெளிச்சம் பேப்பர் மேல் விழும்போது, ஒரு குச்சி நுனியில் வட்ட அட்டையை ஒட்டி முகத்தின் மேல் ஆட்டுவார்கள். அங்கே வெளிச்சம் குறைந்து முகம் வெளுக்கும். அது டாட்ஜ். கையைக் குவித்து ஒரு ஓட்டை விட்டு அங்கே மட்டும் கூடுதல் வெளிச்சம் கொடுத்தால் அந்த இடம் கருக்கும். அது பர்ன். போட்டோஷாப்பில் அந்த இரண்டு கருவிகளின் சின்னத்தைப் பாருங்கள்: ஒன்று குச்சியில் வட்டம், இன்னொன்று குவித்த கை. ‘அன்ஷார்ப் மாஸ்க்’ என்ற பெயர் எல்லோரையும் குழப்புகிறது. அதுவும் இருட்டறைச் சொல்தான். நெகட்டிவோடு அதன் மங்கலான பாசிட்டிவ் நகலைச் சேர்த்து வைத்து அச்சிட்டால் விளிம்புகள் கூர்மையாகும். போட்டோஷாப்பை எழுதத் தொடங்கிய தாமஸ் நோலும் தம்பி ஜான் நோலும் வீட்டு அடித்தளத்தில் அப்பா வைத்திருந்த இருட்டறையில் வளர்ந்தவர்கள். 1990-ல் வெளிவந்த அவர்கள் மென்பொருளில் அந்த அறையின் வாசனை இருப்பது அதனால்தான். நீங்கள் மாஸ்க்கில் ஓட்டும் கருப்புத் தூரிகை, அந்த அட்டை.

கேள்வி: ஹெத்தையம்மன் பண்டிகையில் எல்லோரும் வெள்ளை. வெயிலில் எடுத்தால் முண்டும் சட்டையும் வெள்ளைத் தாள் மாதிரி விழுகின்றன. மென்பொருளில் மடிப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?
— வாசகர், ஜெகதளா

பதில்: ராவில் எடுத்திருந்தால் ஓரளவு முடியும், ‘ஹைலைட்ஸ்’ கோலை இறக்கினால் மடிப்பு மெல்ல எழுந்து வரும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் உச்சத்தில் முட்டிவிட்ட இடத்தில் எந்த மென்பொருளும் ஒன்றும் செய்யாது. அங்கே பதிவே இல்லை. அடுத்த பண்டிகைக்குக் கேமராத் திரையில் ஹிஸ்டோகிராமைப் போட்டு வையுங்கள். அதில் தெரியும் மலை வலது சுவரில் மோதினால் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். முகம் இருண்டுபோனால் ராவில் தூக்கிக்கொள்ளலாம்; போன வெள்ளையைத் தூக்க முடியாது.

கேள்வி: ஸ்டூடியோவில் உதவியாளராக இருக்கிறேன். பொண்ணு பார்க்க அனுப்பும் படம் என்றாலே ‘கொஞ்சம் கலரா காட்டுங்க தம்பி’ என்கிறார்கள். போட்டோஷாப் கற்றுக்கொண்டதே இதற்குத்தானா என்று இருக்கிறது.
— பெயர் வேண்டாம் என்றவர், கோத்தகிரி

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

வெளிச்சம் வேறு, நிறம் வேறு. முகத்தில் வெளிச்சம் போதாமல் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தால் அதைத் தூக்குவது உங்கள் தொழில். கர்வ்ஸில் நடுப்பகுதியை மட்டும் கொஞ்சம் ஏற்றி, முகத்துக்கு மட்டும் மாஸ்க் போடுங்கள். தோல் தன் நிறத்திலேயே மலர்ந்து தெரியும். பார்ப்பவர் ‘நல்லா இருக்கு’ என்பார். அவர் கேட்டது பெரும்பாலும் அதுதான். மாநிறத்தின் செம்மையையும் மஞ்சளையும் உருவிவிட்டு மாவு பூசினால் அது வேறொரு பெண். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வரும் வீட்டார் முன் நிற்கப்போவது நீங்கள் இல்லை, அந்தப் பிள்ளைதான்.

கோடக் நிறுவனம் கலர் அச்சைச் சரிபார்க்க ஷெர்லி கார்டு என்று ஒன்றை லேப்களுக்கு அனுப்பிய காலம் உண்டு. அதில் இருந்தவர் வெள்ளைக்காரப் பெண். அவர் தோல் சரியாக விழுந்தால் எல்லாம் சரி என்று வைத்துக்கொண்டார்கள். கருத்த முகங்கள் அச்சில் சேறாகிப் போயின. இன்று ஒவ்வொரு நிறத்தையும் அதன் சாயல் குன்றாமல் காட்டக்கூடிய கருவி உங்கள் மேசையில் இருக்கிறது. வாடிக்கையாளருக்கு இரண்டு பிரதி காட்டுங்கள்: நல்ல வெளிச்சத்தில் அவர் நிறம் ஒன்று, அவர் கேட்ட வெளுப்பு ஒன்று. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பலர் முதலாவதைத்தான் எடுப்பார்கள்.

கேள்வி: யானை அருமையாக நின்றது; முன்னால் சோலார் வேலிக் கம்பி. ஹீலிங் பிரஷ்ஷால் அழித்துவிட்டேன், தெரியவே இல்லை. போட்டிக்கு அனுப்பலாமா?
— வாசகர், மசினகுடி

பதில்: வீட்டுச் சுவரில் மாட்டுங்கள். போட்டிக்கும் பத்திரிகைக்கும் அனுப்பாதீர்கள். பெரிய போட்டிகளில் ரா கோப்பைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டைக்கு இடம் போதவில்லை என்று எகிப்துப் பிரமிடுகளைப் படத்தில் நெருக்கமாக நகர்த்தினார்கள். நாற்பது வருடம் தாண்டியும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

என்னைக் கேட்டால் அந்தக் கம்பிதான் படத்தின் உயிர். மசினகுடியில் யானைக்கும் மனிதனுக்கும் நடுவில் இன்று நிற்பது அதுதானே? கம்பியை வைத்தே அனுப்புங்கள்.

கேள்வி: நல்ல கேமராவும் இல்லை, நல்ல மென்பொருளும் இல்லை.
— பிளஸ் டூ மாணவர், எடப்பள்ளி

பதில்: மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், காட்டையும் விலங்கையும் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதியவர். வேறு வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவைக் கட்டிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்து, யானைகளைக் கருப்பு வெள்ளையில் எடுத்தார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். பிறகு உங்கள் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள். தேர்வு முடிந்த பிறகு!

கேள்வி: இன்னும் பிகாசாவில்தான் 30,000 படங்கள் வைத்திருக்கிறேன். புது மென்பொருளுக்குப் போனால் திருத்தமெல்லாம் போய்விடுமா?
— ஓய்வுபெற்ற கார்டைட் ஃபேக்டரி ஊழியர், அருவங்காடு

பதில்: ஐயா, நல்லவேளையாக முன்பே கேட்டீர்கள். கூகுள் 2016 மார்ச்சில் பிகாசாவைக் கைவிட்டது. ஆனாலும் அது எளிய மென்பொருள்களில் கண்ணியமானது. திருத்தத்தைப் படத்தில் எழுதாமல், ஒவ்வொரு ஃபோல்டரிலும் .picasa.ini என்ற சிறு கோப்பில் குறித்து வைக்கும். நீங்கள் ‘சேவ்’ கொடுத்த படங்களின் மூலம் .picasaoriginals என்ற ஒளிந்த ஃபோல்டரில் இருக்கும். இது தெரியாமல் படங்களை மட்டும் நகலெடுத்துப் பழைய கணினியை விற்றவர்கள் நெகட்டிவையும் சேர்த்து விற்றார்கள்.

ஆகவே முதலில் ஒளிந்த கோப்புகளைக் காட்டும்படி வைத்து, ஃபோல்டர் முழுவதையும் அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் எடுங்கள். ஒன்றை மகள் வீட்டில் வையுங்கள். இங்கே ஈரம் அதிகம். லென்ஸில் பூஞ்சை பூப்பது போலவே டிஸ்க்கும் கண்ணுக்குத் தெரியாமல் கெடும். பிறகு பிகாசாவிலேயே, திருத்திய படங்களில் முக்கியமானவற்றை ‘எக்ஸ்போர்ட்’ செய்து தனி ஃபோல்டரில் போடுங்கள். அதன் பிறகு லைட்ரூமோ டார்க்டேபிளோ, நிதானமாக.

ஒரு மென்பொருளின் வண்ணத் திருத்தத்தை இன்னொன்று பெரும்பாலும் புரிந்துகொள்ளாது. குறிச்சொற்கள் மட்டும் பெரும்பாலும் கூட வரும். நாளை லைட்ரூமை விட்டுப் போனாலும் இதே கதைதான். மிக முக்கியமான நூறு படங்களை மட்டும் முடித்த நிலையில் டிஃப் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தோடர் பூத்துக்குளியைப் படம் எடுத்து இணையத்தில் விற்கிறோம். ‘படத்தில் சிவப்பு வேறு, வந்த சிவப்பு வேறு’ என்று திருப்பி அனுப்புகிறார்கள்.
— பெண்கள் குழு, ஊட்டி

பதில்: 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு, அதன் சிவப்பை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

வெள்ளைச் சமநிலை எடுக்கும்போது துணியின் வெள்ளையைத் தொடாதீர்கள். அது சற்றே மஞ்சள் ஓடிய வெள்ளை. அதைத் ‘தூய வெள்ளை’ என்று மென்பொருளிடம் சொன்னால் எல்லா நிறத்தையும் நீலத்தின் பக்கம் தள்ளிவிடும். சாம்பல் அட்டை ஒன்றை ஓரத்தில் வைத்து முதல் படம் எடுங்கள். அதில் சொட்டுக்குழாய்க் கருவியைத் தொட்டு, மற்ற படங்களுக்கும் அதையே கொடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் ட்யூப் லைட்டும் கலக்கக் கூடாது. இணையத்துக்கு எக்ஸ்போர்ட் செய்யும்போது எஸ்.ஆர்.ஜி.பி. மட்டும், அடோபி ஆர்.ஜி.பி.யில் அனுப்பினால் பல திரைகளில் சிவப்பு செத்துப்போகும். உங்கள் திரையின் வெளிச்சத்தையும் பாதியாகக் குறைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

கேள்வி: தாத்தா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். பிளட்டூனோடு வரிசையாக நிற்கும் ஒரே ஒரு கருப்பு வெள்ளைப் படம், நடுவில் மடிப்பு, ஒரு மூலை கரையான் அரித்தது. ஏ.ஐ. வைத்துக் கலர் போட்டுத் தருகிறார்களாம். அம்மாவுக்கு எண்பது வயது, அவர் பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை.
— வாசகி, வெலிங்டன்

பதில்: கலர் போடக் கொடுக்காதீர்கள். அந்தக் கருவி ஊகித்துத்தான் நிறம் போடும். தாத்தாவின் மார்பில் இருக்கும் பதக்க நாடாவின் கோடுகள்தான் அவர் எந்தப் போரில் இருந்தார் என்று சொல்கின்றன. சாம்பல் நிறத்தைப் பார்த்து அது சிவப்பா நீலமா என்று எந்த இயந்திரமும் அடித்துச் சொல்ல முடியாது. தவறான நாடாவோடு அவர் நிற்கக் கூடாது. முகத்தைத் ‘தெளிவாக்கித்’ தருகிறோம் என்பவர்களிடமும் கவனம். வேறு யாருடைய கண்ணையோ வரைந்து கொடுத்துவிடுவார்கள்.

படத்தை லேமினேட் செய்யாதீர்கள், மடிப்பைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். தட்டை ஸ்கேனரில் 600 டி.பி.ஐ., 16 பிட், டிஃப் கோப்பு. படம் கருப்பு வெள்ளை என்றாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். மஞ்சள் கறையைப் பிரித்தெடுக்க அது உதவும். அந்தக் கோப்பை மூடி வைத்துவிட்டு அதன் நகலைத் திறங்கள். மேலே ஒரு வெற்று லேயர் போட்டு, மடிப்பை ஹீலிங் பிரஷ்ஷால் அந்த லேயரில் மட்டும் நிரப்புங்கள். மடிப்பு ஒரு முகத்தின் குறுக்கே போனால் அங்கே நிறுத்திவிடுங்கள். பாதி முகம் நிஜமாக இருந்தால் போதும். கரையான் தின்ற மூலையை வெறும் சாம்பலாக விடலாம், இல்லாத ஆளை அங்கே நிறுத்த வேண்டியதில்லை.

ஸ்கேன் அடுத்த வாரம்கூட எடுக்கலாம். இன்று சாயங்காலம் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வரிசையில் நிற்பவர்களில் யாரையெல்லாம் தெரியும் என்று கேளுங்கள். சொல்லும் பெயர்களை நிற்கும் வரிசைப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பிறகு மென்மையான பென்சிலால் படத்தின் பின்பக்கம் அழுத்தாமல் எழுதுங்கள்.